ஒரு சாண் இடம்

சங்கரன்கோவிலின் ரத வீதிகளும், எந்தக் கோயில் ஊரின் கடைவீதியையும் போல, முன்னோக்கி நீளும் இயல்புடையவை. படி ஒரு முழம் வெளியே வரும். தகரக் கூரை அதையும் தாண்டும். பெயர்ப்பலகை பக்கத்துக் கடையின் தலைமேல் பாதி நிற்கும். வீதிக்குள் நீண்டதை என்றேனும் நகராட்சி வந்து அகற்றும். அண்டைக் கடைக்காரரின் இடத்துக்குள் நீண்டதை அவரேதான் கேட்க வேண்டும். அவரோ, "ஒரு சாண்தானே" என்று கூசி விட்டுவிடுகிறார்.

சட்டம் அந்தச் சாணை அற்பமாகக் கருதுவதில்லை. லண்டனில் சிறு புகையிலைக் கடைக்காரர் ஒருவர், இம்பீரியல் டொபாக்கோ நிறுவனத்தின் விளம்பரப் பலகை தம் கடைக்கு மேலே சுமார் 8 அங்குலம் நீண்டிருப்பதாக வழக்காடினார். பெரிய இடைஞ்சல் இல்லாதபோதும், அது அத்துமீறலே என்று 1957இல் தீர்ப்பாயிற்று. பலகையை அகற்ற ஆணையும் பிறந்தது. நம் நீதிமன்றங்களும் இத்தகைய ஆணையைச் செயலுறுத்துக் கட்டளை என்ற பெயரில் வழங்குகின்றன.

ஆனால் காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பலகையைக் கழற்றிவிடலாம், படியும் சுவரும் அப்படியல்ல. தனியார் நிலத்தை ஒருவர் வெளிப்படையாக, உரிமையாளருக்கு எதிராக, 12 ஆண்டுகள் இடைவிடாது அனுபவித்தால், 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி உரிமையாளர் அதை இழந்துவிடலாம். பத்திர மொழியில் இது எதிரிடை அனுபவம். ஹரியானாவில் காவல்துறையே ஒரு குடிமகனின் நிலத்துக்கு இவ்வாறு உரிமை கோரியபோது, 2011இல் உச்சநீதிமன்றம் கடிந்துகொண்டதுடன் இந்தச் சட்டத்தையே மறுபரிசீலனை செய்யச் சொன்னது. சட்ட ஆணையமோ மாற்றம் தேவையில்லை என்று 2023இல் அறிக்கை அளித்தது. ஆகவே 12 ஆண்டுக் கணக்கு இன்றும் நிற்கிறது.

இதில் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. உரிமையாளரின் இசைவுடன் அனுபவிப்பது எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் எதிரிடை அனுபவம் ஆகாது. எனவே விட்டுக்கொடுப்பதில் ஆபத்தில்லை. வாய்திறவாமல் விட்டுக்கொடுப்பதில்தான் ஆபத்து. 'இந்தப் படி உங்கள் இடத்தில், உங்கள் அனுமதியோடு இருக்கிறது. கேட்கும்போது எடுத்துவிடுகிறேன்' என்று நாளிட்டு எழுதிக் கையொப்பமிட்ட ஒரு தாள், ஆண்டுக்கணக்கான வழக்கைத் தவிர்க்கும். தாள் கேட்டால் உறவு கெடும் என்பார்கள். அத்தனை சிறிய ஒப்புதலுக்கே மறுக்கிறவர் அந்தச் சாணைத் தமதென்று எண்ணத் தொடங்கிவிட்டார் என்றே நான் கொள்வேன்.

சிவனா திருமாலா பெரியவர் என்று சங்கனும் பதுமனும் வாதிட்ட தலம் இது. ஒரே திருமேனியில் இருவரும் ஆளுக்குப் பாதியாய் நின்று அவ்வழக்கைத் தீர்த்தார்கள் என்பது ஐதீகம். எல்லை தெளிவாக இருக்கும் இடத்தில் ஒட்டி நிற்பது எளிது. கடைக்காரர்களுக்கும் அது பொருந்தும்.