வௌவாலுக்கு ஒரு செங்கல் வீடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றில் 'வௌவால் நெத்தி மண்டபம்' என்று ஒரு கட்டட வகை உண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைத்து எழுப்பிய கூரை; வௌவாலின் நெற்றிபோல் சரிந்திருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். பெயர் கொடுத்த பிராணிக்கு இன்று மண்டபத்தில் இடமில்லை. குடமுழுக்குக்கு நாள் குறித்ததும் புகை போடுகிறோம், கம்பி வலை அடிக்கிறோம், இடுக்குகளைச் சிமெண்டு வைத்துப் பூசுகிறோம்.

'பூசுகிறோம்' என்று என்னையும் சேர்த்து எழுதக் காரணம் உண்டு. என் தந்தையார் கொத்தனார். அவர் கரணை பிடித்துச் சம்பாதித்த கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிக்கு வந்தேன். ஆகவே திருப்பணியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எச்சமும் சிறுநீரும் சுதை வேலையைக் கெடுக்கும், நாற்றம் அடிக்கும் என்பதும் பொய்யில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: ஓரிடத்தில் இடுக்கை அடைக்கிற அதே கொத்தனாரைக் கொண்டு இன்னோரிடத்தில் ஓர் இடுக்கை ஏன் கட்டி வைக்கக்கூடாது?

வௌவாலுக்கு இவ்வளவு வக்காலத்து எதற்கு என்று நண்பர்கள் சிரிக்கலாம். நம் வயல்களில் குருத்துப்பூச்சி வந்தால் நடுக்குருத்து காய்கிறது, கதிர் வெளுத்து வெண்கதிராகிறது. உழவர்கள் குருணை மருந்து தூவுகிறார்கள், விளக்குப்பொறி வைக்கிறார்கள். அந்த அந்துப்பூச்சி பறப்பது இரவில். இரவில் பூச்சி பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட பிராணி வேறு எது நம் ஊரில் இத்தனை இருக்கிறது?

ஸ்பெயின் நாட்டின் எப்ரோ ஆற்று டெல்டாவும் நெல் விளையும் பூமிதான். அங்கே வயலோரங்களில் பெட்டிகள் வைத்துச் சிறு வௌவால்களைக் குடியேற்றினார்கள். அவை பெருகப் பெருக நெல்லின் தண்டுதுளைப்பான் குறைந்தது என்று 2015-இல் ஆய்வு வெளியாயிற்று. அந்தப் பூச்சி நம் குருத்துப்பூச்சிக்குப் பங்காளி முறை. தாய்லாந்தில் ஒரே ஒரு வௌவால் இனம் தத்துப்பூச்சியைத் தின்று காப்பாற்றும் நெல், ஆண்டுக்குச் சுமார் 26,000 பேரின் சாப்பாட்டுக்குச் சமம் என்று 2014-இல் கணக்கிட்டார்கள். நம் தஞ்சைக்கு இப்படியொரு கணக்கை நாமே அல்லவா போட வேண்டும்!

வீடு கட்டினால் வௌவால் வந்துவிடுமா? நிச்சயமில்லை. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துச் சுகர்லோஃப் தீவில் 1929-இல் மரத்தால் ஒரு பெரிய கோபுரமே கட்டினார்கள். வௌவால் குடிவரவில்லை, 2017-இல் புயலில் கோபுரம் விழுந்தது. அதே நாட்டில் ஆஸ்டின் நகரத்துப் பாலத்தை 1980-இல் புதுப்பித்தபோது கான்கிரீட் தூலங்களுக்கு இடையே ஓர் அங்குலம் போல் இடைவெளி விட்டார்கள். யாரும் அழைக்காமலே அங்கே இலட்சக்கணக்கில் வந்து தங்கின. ஊரார் முதலில் பயந்து விரட்டச் சொன்னார்கள்; இன்று மாலையில் அவை கூட்டமாகப் புறப்படுவதைப் பார்க்கவே வெளியூரார் வருகிறார்கள். கோபுரத்தைவிடச் சந்துதான் பிடித்திருக்கிறது!

வௌவாலிலும் சாதி பலவுண்டு. மண்டபக் கூரையில் தலைகீழாகத் தொங்குகிறவற்றுக்கு இருட்டறைதான் வேண்டும். அவற்றுக்காகப் பாழ்மண்டபம் ஒன்றைத் தொடாமல் விடுவதே நல்லது. நான் சொல்லும் இடுக்கு, சுவர் வெடிப்பில் ஒண்டும் சிறு வௌவாலுக்கு உரியது. மோட்டார் கொட்டகைச் சுவரில் பத்துப் பன்னிரண்டடி உயரத்தில் கடப்பைக்கல் பலகை ஒன்றை முக்கால் அங்குலம் இடைவெளி விட்டுப் பதிக்க வேண்டும். மேலேயும் இரு பக்கமும் கலவை வைத்து அடைத்துவிட்டுக் கீழே மட்டும் திறந்துவிட வேண்டும். உட்புறத்தை இழைத்துப் பூசக்கூடாது. நகம் பிடிக்கும்படி கொத்திவிட வேண்டும். மேற்கு வெயில் ஆகவே ஆகாது. கத்திரி வெயிலில் கல் சுட்டால் உள்ளே இருப்பவை வெந்துவிடும். பக்கத்தில் விளக்கும் கூடாது.

இதை அப்பாவிடம் சொன்னபோது, "வௌவால் வீட்டுக்குள்ள வந்தாலே ஆகாதும்பாங்க. நீ வீடு கட்டிக் குடுக்கச் சொல்றியே தம்பி" என்றார். பிறகு, "பழைய எடத்த அடைக்கிறதுக்கு முன்னாடியே இத வச்சுடணும், இல்லையா?" என்று அவரே கேட்டார். அதுதான் முக்கியம். பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே இருக்கும்போது பூசினால் அது உயிரோடு சமாதி வைப்பதுதான்.

நோய் பற்றிய அச்சம் நியாயமானதே. 2018-இல் கேரளத்தில் நிபா வந்தபோது சந்தேகம் பழந்தின்னி வௌவால்மேல் விழுந்தது. சிறு வௌவாலையும் வெறுங்கையால் தொடக்கூடாது. வயலோரக் கொட்டகையைச் சொல்வதற்கும் படுக்கையறைச் சுவரைச் சொல்லாததற்கும் காரணம் அதுவே.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கோயிலுக்கு வெள்ளையடிக்கிறோம். அடுத்த முகாமில் ஊராரைக் கேட்டு இரண்டு கொட்டகைகளில் இதைச் செய்து பார்க்கலாம். அப்பா ஒரு நாள் கூலியில்லாமல் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாதம் ஒருமுறை பொழுது சாயும் நேரத்தில் சுவரடியில் உட்கார்ந்து, வெளியே வருவதை எண்ணிக் குறித்துவைக்க எங்கள் வகுப்பில் நான்கு பேர் தயாராக இருக்கிறோம்.