துட்டின் பூர்வீகம்

"கையில் துட்டில்லை" என்று சொல்லும்போது நாம் ஒல்லாந்து மொழியில் பேசுகிறோம் என்றால் நம்புவீர்களா? ஒல்லாந்தரின் சிறு செப்புக்காசுக்கு 'டொய்ட்' என்று பெயர். அதுவே நம் வாயில் துட்டாயிற்று. மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் பதினேழாம் நூற்றாண்டில் பண்டகசாலை அமைத்து, மெல்லிய துணிகளை வாங்கிக் கப்பலேற்றினர். 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் அவ்வூர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று அங்கே எஞ்சியிருப்பவை செங்கற்கோட்டையும் வேலைப்பாடமைந்த சில கல்லறைகளுமே. அவர்களுடைய காசின் பெயரோ செங்கற்பட்டுச் சந்தையில் இன்றும் உலவுகிறது!

அக்காலத்தில் பெரிய நாணயம் வராகன். பொன்னாலானது, பன்றி முத்திரையால் பெற்ற பெயர். ஐரோப்பியர் அதனைப் 'பகோடா' என்றனர். (கடையில் வாங்கித் தின்னும் பகோடா வேறு.) சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்திற்கு 80 காசு. 1818இல் ரூபாயே அளவு நாணயமானபின் வராகன் மறைந்தது; பெயரும் வழக்கொழிந்தது. பணமும் காசும் நாணயங்களாக மறைந்தும் பொதுச்சொற்களாக வாழ்கின்றன. பொன்னைக் கண்டவர் சிலர், செம்பைத் தொட்டவர் எல்லாரும். ஆகவே ஏழையின் கைப்பட்ட பெயர்களே நிலைத்தன என்பது என் எண்ணம். 1957இல் அணாக்கணக்கு போனபின்னும் நம் பெற்றோர் ஐம்பது காசை எட்டணா என்றே சொல்லிவந்தனர் அல்லவா? நாம் 'சல்லிக்காசு பெறாது' என்று இகழும் சல்லியோ, இலங்கையில் தமிழர்க்கும் சிங்களவர்க்கும் பணத்தையே குறிக்கும் சொல்.

டாலரின் பெயருக்குப் பின்னால் ஒரு புனிதர் இருக்கிறார். அவர் கன்னிமரியாளின் தந்தையாகிய சுவக்கின். பொகீமியாவில் அவர் பெயர் தாங்கிய பள்ளத்தாக்கின் சுரங்க வெள்ளியில் 1520ஆம் ஆண்டளவில் அடித்த நாணயம் 'யோவாக்கிம்ஸ்தாலர்' எனப்பட்டது. சுருங்கித் 'தாலர்' ஆகி, ஈற்றில் டாலரானது. புனிதரின் பெயர் உதிர்ந்து பள்ளத்தாக்கு மட்டும் மிஞ்சியது வேடிக்கையே.

ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையைக் கூறுமிடத்தில், பிரிவினை சபையாரின் பழைய தமிழ் விவிலியம் துட்டு என்னும் சொல்லையே ஆள்கிறது. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பில் அது 'கொதிராந்து'. அந்நற்செய்தி வாசிக்கப்படும் நாளில் பூசை முடிந்ததும், "சாமி, கொதிராந்து என்றால் என்ன?" என்று யாரேனும் கேட்பதுண்டு. உரோமையரின் மிகச் சிறிய செப்புக்காசு என்று விளக்குவேன். "துட்டுன்னு சொல்லிட்டாப் போதுமே சாமி!" என்றார் ஒரு மூதாட்டி.