விருது மேடைக்கு முன்னால் மூடிய கதவுகள்

கட்டடக்கலையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள் விருது பெறும்போது நாமும் மகிழ்கிறோம். ஆனால் அந்தப் பட்டியலில் நம் பிள்ளைகளின் பெயரைத் தேடும் முன், அந்த ஆய்வு முடியும்வரை அவர்கள் எதைக்கொண்டு வாழ்வது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பி.ஆர்க். 5 ஆண்டு, எம்.ஆர்க். 2 ஆண்டு, ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டு. உப்பளத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இந்தப் பத்து ஆண்டுகள் சாதாரணமல்ல.

பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இருக்கிறது. 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய திட்டம் இது. ஆண்டுக்கு 2,000 இடங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஆனால் தேர்வு நடப்பது நெட் வழியாக. நெட் பாடப் பட்டியலில் தொல்லியல் உண்டு, அருங்காட்சியகவியல் உண்டு, காண்கலை உண்டு. கட்டடக்கலை இல்லை. கட்டடக்கலைக்குத் தனித் தாள் உள்ள கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் இந்த உதவித்தொகைக்கு அது பயன்படாது.

வெளிநாடு போய்ப் படிக்கலாம் என்றால் அங்கும் தடை. தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் 2022-23 விதிகளில் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இடமில்லை என்று எழுதினார்கள். சேரியும் ஊரும் ஏன் பிரிந்து கிடக்கின்றன என்பதை இந்தத் தலைப்புகளைத் தொடாமல் எப்படி ஆராய்வது?

முத்துக்குளித்துறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரான தலித் பட்டியல் சாதியில் வரமாட்டார். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றும் வெளியே நிற்கிறார். நம் கடற்கரைக் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தக் கதவு பிறப்பிலேயே மூடியிருக்கிறது.

மிஞ்சுவது மாநில அரசின் உதவி. முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். மதம் மாறிய ஆதிதிராவிடரையும் சேர்த்துக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் மாதக் கணக்கில் 8,333 ரூபாய்தான். சென்னையில் விடுதி வாடகையும் சாப்பாடும் போனால் கள ஆய்வுக்கு என்ன மிஞ்சும்?

திறமை இருந்தால் விருது தானாக வரும் என்பார்கள். திறமையைக் காட்ட முதலில் ஆய்வை முடிக்க வேண்டும் அல்லவா?

இதில் நட்டம் மாணவருக்கு மட்டுமல்ல. நம் மாவட்டத்தின் கட்டடங்கள் என்றதும் 1581இல் எழுந்த மணப்பாடு திருச்சிலுவை ஆலயமும் 1713இன் பனிமய மாதா ஆலயமும் காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களும் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கொடியன்குளமும் இந்த மாவட்டம்தான். வெளிநாட்டில் உழைத்த பணமும் சேர்ந்து எழுந்த வீடுகளின் கதவும் சன்னலும் 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸாரால் நொறுக்கப்பட்டன. ஒரு சமூகம் கல்வீடு கட்டுவது ஏன் மற்றவர் கண்ணை உறுத்துகிறது என்பது கட்டடக்கலைக் கேள்வி. நூறு வீடுகளில் 40ஐ நமக்கு ஒதுக்கிய சமத்துவபுரங்களில் கால் நூற்றாண்டுக்குப் பிறகு யார் வாசலில் யார் உட்காருகிறார்கள் என்பதும் அதே கேள்விதான். உப்பளத்தில் நிழலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகையும், பெண்களுக்குக் கழிப்பறையும் எப்படி அமைய வேண்டும் என்பதும் ஆய்வுக்குரியது. 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து நம்மவர் 17 பேர் மாண்டார்கள். சுவரை எழுப்புவதிலும் சாதி இருக்கிறது என்பதை நெஞ்சில் அடித்துச் சொன்ன மரணங்கள் அவை.

1913இல் பரோடா அரசின் உதவித்தொகை கிடைத்திருக்காவிட்டால் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போயிருக்க முடியாது. நாம் கேட்பதும் அந்த உதவியைத்தான். நெட்டில் கட்டடக்கலையைச் சேர்க்கட்டும், அல்லது கேட் மதிப்பெண்ணை ஏற்கட்டும். அயல்நாட்டு உதவியில் தலைப்புக்குத் தடை போடும் விதியை நீக்கட்டும். மதத்தைக் காட்டி விலக்குவதை நிறுத்தட்டும். மாநில அரசு தொகையை உயர்த்தி, மாதாமாதம் வழங்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் டூவில் கணக்கு படிக்கும் பிள்ளைக்கு நாட்டா என்றொரு நுழைவுத் தேர்வு இருப்பதைச் சொல்லுங்கள். உதவித்தொகை விவரங்களை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். கேட்கும் கூட்டம் பெருகினால்தான் விதிகள் மாறும்.