அந்தக் கதவு திறக்குமா?

சகோதரிகளே, உங்கள் பெண் வேலைக்குப் போகிறாளா? சம்பளம் எவ்வளவு, பஸ் வசதி உண்டா என்றெல்லாம் விசாரித்திருப்பீர்கள். அந்தக் கட்டடத்தில் எத்தனை வாசல், அவை திறக்குமா என்று விசாரித்தீர்களா?

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. நியூயார்க்கில் ஒரு தோழி வீட்டில் தேநீர் அருந்திக் கொண்டிருந்தார் பிரான்ஸிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி. தீயணைக்கும் வண்டியின் மணியோசை கேட்டு ஓடினார். பெண்களுக்கான சட்டை தைக்கும் 'டிரையாங்கிள்' தொழிற்சாலை எரிந்து கொண்டிருந்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு வாசல் பூட்டிக் கிடந்தது. தீயணைப்புப் படையின் ஏணியோ ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த இளம் பெண்கள்.

பெர்கின்ஸ் அதை மறக்கவில்லை. பிறகு அமைந்த விசாரணைக் கமிஷனாருடன் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார். ஓரிடத்தில் சுவரில் ஒரு சிறு பொந்து. 'தீயிலிருந்து தப்பும் வழி' என்று பெயர் எழுதியிருந்தது! அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? கமிஷனில் இருந்த ராபர்ட் வாக்னர் என்ற பெரிய மனிதரையே அதற்குள் தவழ்ந்து போகச் செய்தார். வெளியே பனிக்கட்டி படிந்த ஏணி. அதுவும் தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிந்துவிட்டது!

எழுத்தைப் படித்தவருக்கு எல்லாம் சரி. தவழ்ந்தவருக்குத்தானே சங்கதி தெரிந்தது? கமிஷனின் உழைப்பால் புதிய சட்டங்கள் பிறந்தன. 1933-ல் பெர்கின்ஸ் அமெரிக்காவின் தொழிலாளர் மந்திரியானார். அந்நாட்டு மந்திரி சபையில் முதல் பெண் அவர்தான்.

"எல்லாம் சரியா?" "சரி ஸார்!" என்று கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது. கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்தாலும் போதாது. நேற்றுக் காலியாக இருந்த வழியில் இன்று அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். அதனால்தான் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று பெண் வீடு திரும்பியதும் கையில் காபியைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: "ஏண்டி, நெருப்புப் பிடித்தால் எந்த வழியாக வருவாய்? அந்தக் கதவை நீயே திறந்து பார்த்தாயா?" விழித்தாளானால், நாளைக்கே தோழிகள் நாலு பேரோடு போய் மேலதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

நம் வேலைத்தலம் மட்டும் என்ன? மாதம் ஒரு நாள் காஸ் குழாயில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். இணைப்பில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிகிறது என்று அர்த்தம். பின்கதவை மறைக்கும் பழைய பேப்பர்க் கட்டை அப்புறப்படுத்துங்கள். அதில் நம் பத்திரிகை இருந்தாலும் பாதகமில்லை!