சூடு ஆறுவதற்குள் பாருங்கள்

அப்பாவின் 1958 மோரிஸ் மைனர் காலையில் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் இருமி இருமி நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். பெட்ரோல் கோளாறு என்று நினைத்து கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தேன். பலனில்லை. "போதும்பா, வித்துடலாம்" என்றார் அம்மா. அப்பா பதில் பேசவில்லை.

நான் செய்த தவறு, ஒவ்வொரு முறையும் கார் ஆறிய பிறகே சோதித்ததுதான்.

அடுத்த முறை நின்றதும் அங்கேயே பானெட்டைத் திறந்தேன். ரப்பர் கையுறையோடு ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, இஞ்சின் மீது வைத்தேன். அப்பா ஸ்டார்ட்டரை இழுத்தார். தீப்பொறி மஞ்சளாக, மெலிந்து வந்தது. அப்படியென்றால் குறை பெட்ரோலில் இல்லை.

டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். பாயிண்ட் இடைவெளி சரியாக 0.015 அங்குலம். ஆனால் முனைகள் கருகியிருந்தன. திறக்கும்போதெல்லாம் அங்கே பொறி பறந்தது. அதை அடக்க வேண்டியது பக்கத்திலிருக்கும் சிறிய கண்டென்சர். சூட்டில் அது கைவிட்டதால் காயிலுக்கு வலு குறைந்திருந்தது.

கண்டென்சரையும் பாயிண்ட்டையும் மாற்றினேன். சில வெள்ளி செலவுதான். மறுநாள் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தார். வழியில் எங்கும் நிற்கவில்லை.

உங்கள் பழைய காரும் சூட்டில் நின்றால், ஆறும்வரை காத்திருக்காதீர்கள். ஆறிவிட்டால் அது நல்ல பிள்ளைபோல் நடிக்கும்.