ரூட்டருக்கு அப்பால் மறைந்த மோடம்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்து பத்மநாபசுவாமி கோவிலை நோக்கிச் செல்வோர் காணும் பழைய தெருக்களில், வீடுகள் பல ஒன்றோடொன்று சுவரால் ஒட்டியவை. முகப்பு குறுகலாகவும், உட்புறம் திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று வரிசையாகப் பின்னோக்கி நீண்டும் இருக்கும் இவ்வமைப்பு, தமிழ்நாட்டு அக்கிரகாரங்களை அறிந்தவர்களுக்குப் புதியதன்று. இணையக் கம்பி தெருப்பக்கமாக வீட்டினுள் நுழைகிறது. இணைப்பு வழங்கும் நிறுவனத்தார் தரும் மோடமும் முன்பக்கத்திலேயே பொருத்தப்படுகிறது. அதன் வானொலி அலை இரண்டு மூன்று தடித்த சுவர்களைக் கடந்து பின்கட்டைச் சேர்வதற்குள் நலிந்துவிடுகிறது. ஆகவே வீட்டுக்காரர் சொந்தச் செலவில் ஒரு ரூட்டரை வாங்கி, மோடத்திலிருந்து கம்பி இழுத்து, கூடத்தில் வைக்கிறார். அன்று முதல் அவ்வீட்டில் இரண்டு பெட்டிகள்.

இரண்டாவது பெட்டி வந்ததும் முதற்பெட்டி கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. சுவரில் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் நிலையைக் காட்டும் நிர்வாகப் பக்கம், கணிப்பொறியில் விலாசத்தைத் தட்டினாலும் திறப்பதில்லை. சில வீடுகளில் அதற்குப் பதிலாக ரூட்டரின் பக்கம் திறக்கிறது. சிலவற்றில் ஒன்றுமே திறப்பதில்லை. இதனைச் சிறிய அசௌகரியம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. அது சரியன்று. இணைப்பு அறுந்தால் குற்றம் தெருவிலுள்ள கம்பியிலா, வீட்டினுள்ளா என்று தீர்மானிக்கும் ஆதாரம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் அதைக் காண வழிவிடாத அமைப்பு அரைகுறையான அமைப்பே; அவ்வழியைத் திறந்து கொடுப்பது கம்பி இழுப்பதைப் போலவே கள ஊழியர் கடமையில் அடங்கும்.

அப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்பது நலம். கண்ணாடி இழை வழியாக வரும் இணைப்பில், பெட்டியை வந்தடையும் ஒளியின் அளவு அங்கே ஓர் எண்ணாகக் காட்டப்படும். அந்த எண்ணின் அலகு டி.பி.எம். எனப்படும். பூஜ்ஜியம் என்றால் ஒரு மில்லிவாட். ஒவ்வொரு மூன்று படி கீழே இறங்கும்போதும் ஒளி ஏறத்தாழப் பாதியாகிறது. ஜி-பான் எனப்படும் இழை வலையமைப்பில், ‘பி பிளஸ்’ என்ற வகையைச் சேர்ந்த வீட்டுப் பெட்டி −27 வரை இறங்கிய ஒளியையும் படித்தறிய வேண்டும் என்பது சர்வதேசத் தரம். −27 என்பது ஒரு மில்லிவாட்டில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. பொருத்திய அன்று −19 காட்டிய வீட்டில் இன்று −26 காட்டுமானால், இழை எங்கோ கூர்மையாக வளைந்திருக்கலாம். முனையில் தூசி படிந்திருக்கலாம். கம்பத்தில் செய்த ஒட்டு கெட்டிருக்கலாம். இணைப்பு இன்னும் அறவில்லை, ஆனால் அறுந்துபோகும் எல்லையில் நிற்கிறது என்பதை அவ்வெண் முன்கூட்டியே சொல்லிவிடும்.

பழைய செம்புக் கம்பி இணைப்பாயின் அங்கே காண வேண்டியது இரைச்சலுக்கும் குறிக்கும் இடையேயுள்ள மிச்ச அளவு. அது 6 டெசிபலுக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் இணைப்பு நிலைகொள்வது கடினம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் திருவனந்தபுரத்தில், கம்பி ஒட்டுகளில் நீர் இறங்கி இவ்வளவு சரிவது எதிர்பார்க்கத்தக்கதே. மழைநாளில் சரிந்து வெயில்நாளில் ஏறும் எண்ணைக் கண்டவர், வீட்டிலுள்ள ரூட்டரை மாற்றிப் பணத்தை வீணாக்க மாட்டார்.

பத்மதீர்த்தக் குளத்தின் எதிரே மேத்தன் மணி என்றொரு பழைய கடிகாரம் உண்டு. தாடி வைத்த ஒரு முகமும், மணி அடிக்கையில் அதன் கன்னங்களை முட்டும் இரண்டு ஆடுகளுமாக அமைத்த வேடிக்கையான சாதனம் அது. வேடிக்கை ஒருபுறமிருக்க, நேரத்தைத் தெருவில் போகிறவரெல்லாம் நிமிர்ந்து பார்த்து அறியட்டும் என்று அதனை உயரத்தில் வைத்தார்கள். அளவு காட்டும் கருவியை ஆக்கி அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பதில் பொருளில்லை.

இனி, பக்கம் ஏன் திறப்பதில்லை என்பது. இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் விலாசம் வேண்டும். நான்காம் பதிப்பு விலாசங்கள் மொத்தம் சுமார் 429 கோடி. உலகுக்கு இவை போதா என்று முன்பே தெரிந்துபோயிற்று. ஆகவே 1996ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகள் வீட்டு உபயோகத்திற்கும் அலுவலக உபயோகத்திற்கும் என்று முறையாக ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 192.168 என்று தொடங்கும் தொகுதியில் 65,536 விலாசங்கள் உள்ளன. இவற்றை யாரும் யாரையும் கேளாமல் தம் வீட்டுக்குள் வழங்கிக்கொள்ளலாம். வெளியே, பொது இணையத்தில், இவை செல்லா. ஊருக்கு ஊர் ஒரு தெற்குத் தெரு இருப்பதைப் போல, 192.168.1.1 என்ற விலாசம் கோடிக்கணக்கான வீடுகளில் உண்டு. பல மோடங்களுக்குத் தொழிற்சாலையில் இட்ட விலாசம் இதுவே. பல ரூட்டர்களுக்கும் இதுவே! தொல்லையின் ஒரு பாதி இங்கே பிறக்கிறது.

மோடமே நிறுவனத்தோடு தொடர்பு கொண்டு, ரூட்டருக்குத் தன் தொகுதியிலிருந்து ஒரு விலாசம் வழங்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரூட்டரும் வீட்டிலுள்ள கருவிகளுக்கு 192.168.1 தொகுதியையே வழங்குமானால், கணிப்பொறி 192.168.1.1 என்பதைத் தன் தெருவிலேயே உள்ள வீடு என்று நினைத்து, தன் பக்கத்திலேயே விசாரிக்கிறது. அதே எண்ணைக் கொண்ட ரூட்டர் ‘நான்தான்’ என்று பதில் சொல்கிறது. கடிதம் வாயிலைத் தாண்டவே இல்லை. இதற்குப் பரிகாரம் மிக எளிது. ரூட்டரின் உட்பக்க விலாசத்தை 192.168.50.1 என்பது போல வேறு தெருவுக்கு மாற்றிவிட்டால் போதும். மோடத்தின் பக்கம் பெரும்பாலும் வேறெந்த முயற்சியும் இன்றித் திறந்துகொள்ளும். மோதலைத் தாமே கண்டு விலாசத்தை மாற்றிக்கொள்ளும் ரூட்டர்களும் உண்டு. எல்லா ரூட்டர்களும் அப்படியல்ல.

இரண்டாவது வகை சற்று நுட்பமானது. மோடத்தை வெறும் பாலமாக வைத்து, நிறுவனத்தோடு தொடர்பு கொள்ளும் வேலையை ரூட்டரிடமே ஒப்படைக்கும் முறை இது. பி.பி.பி.ஓ.ஈ. என்னும் ஏற்பாட்டின்படி ரூட்டர் பெயரும் ரகசியச் சொல்லும் கொடுத்து நிறுவனத்தின் யந்திரத்தோடு நேரே ஒரு பாதை அமைத்துக்கொள்கிறது. வெளியே போகும் செய்திகள் அனைத்தும் அப்பாதைக்குள் அடைக்கப்பட்டு, மோடத்தின் வழியாக, மோடம் பிரித்துப் பாராமலே செல்கின்றன. இப்போது வீட்டுக்காரர் மோடத்தின் விலாசத்தைத் தட்டினால், ரூட்டர் அந்தச் செய்தியையும் அதே பாதையில்தான் அனுப்பும். அதற்குத் தெரிந்த வெளிவழி அது ஒன்றே. வாயிற்காவலரைப் பார்க்கப் புறப்பட்டவர் மூடிய வண்டியில் ஏறி அவர் முன்னாலேயே கடந்து போவதைப் போல, செய்தி மோடத்தைத் தாண்டி நிறுவனத்தைச் சென்றடைந்து, தனி விலாசமாதலால் அங்கே கைவிடப்படுகிறது.

பரிகாரம் ரூட்டரில் இருக்கிறது. பாதைக்கு அடியிலுள்ள வெளிப்புறத் துறைக்கே, அதாவது கம்பி செருகிய அந்தத் துளைக்கே, மோடத்தின் தெருவைச் சேர்ந்த இரண்டாவது விலாசம் ஒன்றைத் தர வேண்டும்; மோடம் 192.168.1.1 ஆனால் ரூட்டரின் துறைக்கு 192.168.1.2. உட்பக்கம் வேறு தொகுதியில் இருக்க வேண்டும் என்பது இங்கும் பொருந்தும். ஆனால் இதோடு நிறுத்தினால் காரியம் பாதியில் நிற்கும். செய்தி மோடத்தைச் சேரும்; 192.168.50 என்ற தெரு எங்கே இருக்கிறதென்று மோடத்துக்குத் தெரியாதாகையால் பதில் திரும்பி வராது. ஆகவே உள்ளிருந்து மோடத்துக்குப் போகும் செய்திகளை ரூட்டர் தன் 192.168.1.2 விலாசத்தின் பெயரிலேயே அனுப்பும்படி, விலாச மாற்று விதி ஒன்றையும் சேர்க்க வேண்டும். அனுபவத்தில் பலர் இடறுவது இந்த இரண்டாம் படியில்தான். ஓபன்-டபிள்யூ.ஆர்.டி. போன்ற சுதந்திர மென்பொருளால் இயங்கும் ரூட்டர்களில், வெளித்துறையின் மேல் புதிய இடைமுகம் ஒன்றை அமைத்து, அதனை வெளிப்புற வலயத்தில் சேர்த்துவிட்டால் இம்மாற்று விதி தானே பொருந்திவிடும்.

கடையில் விற்கும் மலிவான ரூட்டர்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது. அங்கே மனம் தளர வேண்டியதில்லை. மோடத்தில் காலியாக உள்ள மற்றொரு துளையில் மடிக்கணினியை நேரே கம்பியால் இணைத்து, அதற்குக் கையால் 192.168.1.5 என்று விலாசம் இட்டால் பக்கம் திறக்கும். மோடத்தில் ஒரே துளைதான் உண்டெனில் ரூட்டரின் கம்பியைச் சற்று நேரம் கழற்ற வேண்டியிருக்கும். அழகான வழியன்று, ஆனால் பயன் தரும் வழி.

இவ்வளவு தூரம் வீட்டுக்காரரை உள்ளே விடுவது ஆபத்து என்று வாதிப்பவர் உண்டு. பக்கத்தைத் திறந்தால் எதையாவது மாற்றிக் கெடுத்துவிடுவார்; பிறகு ஊழியர்தான் அலைய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இந்த அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பார்ப்பதற்கு மட்டும் ஒரு கணக்கும் மாற்றுவதற்கு வேறொரு கணக்கும் வைப்பது பல மோடங்களில் இயலக்கூடியதே. கெடுத்துவிடுவார் என்பதற்காக மீட்டரின் கண்ணாடிக்குக் கறுப்புச் சாயம் பூசுவாரில்லை.

பாதுகாப்பைப் பற்றிய பெரிய படிப்பினையோ வேறு திசையைக் காட்டுகிறது. 2017 ஜூலை இறுதியில் பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் வீடுகளிலிருந்த மோடங்களில் ஏறத்தாழ 60,000 ஒரு தீய நிரலின் தாக்குதலுக்கு ஆளாயின. தொழிற்சாலையில் இட்ட ரகசியச் சொல் மாற்றப்படாமல் இருந்த மோடங்களே வீழ்ந்தன. சொல்லை மாற்றுமாறு நிறுவனம் வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர் சுமார் 9 லட்சம் பேர் இணைப்பிழந்து தவித்தனர். தொலைவிலிருந்து பெட்டிகளைப் பராமரிக்க வைத்திருந்த வாயிலைக் குறிவைத்த தாக்குதலின் விளைவு அது. இவ்விரு சம்பவங்களிலும் ஆபத்து வெளிவாயில் வழியாக வந்தது. உள்ளேயிருந்து ஒளியின் அளவைப் பார்த்த எவரும் இக்கேட்டை உண்டாக்கவில்லை. ரகசியச் சொல்லை மாற்று என்று சொல்லும்போது, மாற்ற வேண்டிய பக்கம் திறக்காத நிலையில் இருப்பவர் என்ன செய்வார் என்பதையும் எண்ண வேண்டும். இந்திய அரசின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் வெளியிட்ட வீட்டுக் கருவிகளுக்கான நடைமுறை நெறிகளில், எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான ஒரே ரகசியச் சொல் கூடாது என்பதுதான் முதல் நெறி.

நிறுவனத்தாருக்கோ அந்தப் பக்கம் தொலைவிலிருந்தே திறந்திருக்கிறது. டி.ஆர்-069 என்னும் ஏற்பாடு 2004இல் வெளியானது. அதன் மூலம் அலுவலகத்தில் அமர்ந்தபடியே வீட்டு மோடத்தைப் படிக்கவும் மாற்றவும் முடியும். பழுது நீக்க அது தேவையே. ஆனால் ஒரே அளவை ஒரு தரப்பு மட்டும் படிக்கும் நிலையில், குற்றம் யாருடையது என்ற வழக்கில் மறுதரப்புக்குச் சாட்சியே இல்லாமற் போகிறது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்டு முதல் வாடிக்கையாளர் தமக்குப் பிடித்த மோடத்தையே பொருத்திக்கொள்ளச் சட்டம் உரிமை தருகிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், தம் சுவரில் உள்ள பெட்டியைப் படிக்கும் உரிமையாவது இங்கே வேண்டும்.

கேரளத்தில் இதற்கு விசேஷமான அவசியம் உண்டு. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற கே-ஃபோன் திட்டம், ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவச இணைப்புத் தருவதை நோக்கமாகக் கொண்டது. உரிமை என்று சொல்லிக் கொடுத்த பொருள் ஒரு மழை இரவில் நின்றுபோனால், ஏன் நின்றது என்று அறியும் வழியும் அவ்வீட்டில் இருக்க வேண்டுமல்லவா?

கள ஊழியர் செய்ய வேண்டியது அதிகமில்லை. இணைப்புக் கொடுத்த அன்றே மோடத்தின் விலாசம், அது பாலமாக இயங்குகிறதா அல்லது தானே தொடர்பு கொள்கிறதா என்பது, அன்றைய ஒளி அளவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மின்சார மீட்டர்ப் பலகையின் கதவுக்கு உட்புறம் ஒட்டலாம். ரகசியச் சொல்லை வீட்டுக்காரரையே மாற்றச் செய்ய வேண்டும். அந்தச் சொல்லைத் தாளில் எழுதலாகாது. வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதி இரு பெட்டிகளிலும் மூடியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மடக்கையை வகுப்பில் கற்பிக்கும்போது, அதனால் என்ன உபயோகம் என்று மாணவர் கேட்பது வழக்கம். −19க்கும் −26க்கும் இடையே ஒளி எத்தனை மடங்கு குறைந்தது என்று கணக்கிடச் சொன்னால், ஐந்து மடங்கு என்ற விடையோடு தம் வீட்டுப் பெட்டியைப் பார்க்கும் ஆவலும் அவர்களுக்குப் பிறக்கும். கேரளப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கிவரும் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் இதற்குத் தக்க களம். ஒரு பழைய ரூட்டர், ஒரு மோடம், இரண்டு கம்பி இருந்தால் போதும். இரண்டுக்கும் ஒரே விலாசம் கொடுத்து எது திறக்கிறதென்று பார்க்கச் செய்து, பிறகு ஒன்றை மாற்றச் சொல்ல வேண்டும். தெருப் பெயர் ஒன்றானால் கடிதம் எங்கே போகும் என்பதை, கோட்டைத் தெருக்களில் வளரும் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இராது.

வீட்டில் ஒட்டிய தாளில் ஜூன் மழைக்கு முன்னால் ஒரு முறையும், துலாவர்ஷத்துக்கு முன்னால் ஒரு முறையும் ஒளி அளவைப் படித்து, தேதியோடு குறித்துவரும்படி அப்பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். அதற்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும்.