மாதவி மீது பழி போடுவோர் இளங்கோவை வாசிக்கட்டும்

கோவலனின் அழிவுக்குக் காரணம் மாதவியே! இந்தத் தீர்ப்பைக் கடந்த அரை நூற்றாண்டாக எமது வழக்காடு மன்றங்களில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தொடங்கிய இந்த வழக்கு இன்று இலண்டன், ரொறன்ரோ, சிட்னி மேடைகளுக்கும் கடல் கடந்து போய்ச் சேர்ந்துள்ளது. நடுவர் மாறுகிறார், சொற்பொழிவாளர்கள் மாறுகிறார்கள், தீர்ப்பு மட்டும் மாறுவதில்லை. ஆடல்மகள் மயக்கினாள், அப்பாவி வணிகன் மயங்கினான், பத்தினி பொறுத்தாள். கைதட்டலுடன் சபை கலைகிறது.

இத்தீர்ப்பை வழங்குவோரில் எத்தனை பேர் சிலப்பதிகாரத்தை முப்பது காதைகளும் முழுமையாக வாசித்தவர்கள் என்பது எனது முதற் கேள்வி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு அதனைப் பதிப்பித்து வெளியிட்டார். நூல் எம் கைக்கு வந்து நூற்று முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால் எம்மவரிற் பலர் இன்னமும் கூத்துக்களிலும் திரைப்படங்களிலும் பார்த்த கதையையே இளங்கோவின் கதையென்று நம்பிக்கொண்டிருக்கின்றனர்.

காப்பியம் சொல்வது என்ன? பன்னிரண்டு வயதுக் கண்ணகியைப் பதினாறு வயதுக் கோவலன் மணக்கிறான். பின்னர் சோழ மன்னன் அவையில் மாதவியின் அரங்கேற்றம் நிகழ்கிறது. தலைக்கோல் பட்டமும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறுமதியான மாலையும் அவளுக்குக் கிடைக்கின்றன. அம்மாலை ஒரு கூனியின் கையில் கொடுக்கப்பட்டு, நகர நம்பியர் திரியும் மறுகில் விலை கூறப்படுகிறது. அதை வாங்குவதற்கு யாரும் கோவலனைக் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. தெரிந்தே விலை கொடுத்தான், தானே நடந்து போனான், வீட்டை மறந்தான். வலை வீசியவள் மாதவி என்று கூறுவோர் இந்தப் பகுதியை எப்படிக் கடந்து செல்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

கானல்வரியை எடுத்துக்காட்டுவார்கள். மாதவியும் வேறொருவனை நினைத்தவள் போலப் பாடினாளே, அது தவறில்லையா என்பார்கள். யார் முதலிற் பாடினார்? கோவலன். மாதவி நீட்டிய யாழை வாங்கி, வேறொரு பெண்ணை நெஞ்சில் வைத்தவன் போலப் பாடியவன் அவன். அதைக் கேட்டு ஊடல் கொண்ட மாதவி அதே யாழில், அதே முறையில் பதில் பாடினாள். அவன் பாடினால் கலை, அவள் பாடினால் வஞ்சகமா? பாட்டின் குறிப்பைக் காரணமாகக் கொண்டு, ஒரு சொல்லும் கேட்காமல் எழுந்து போனவன் கோவலன். அவன் விட்டுப்போனது ஒரு காதற்கிழத்தியை மட்டுமல்ல, தன் மகள் மணிமேகலையையும் சேர்த்துத்தான். அந்தக் குழந்தைக்குத் தன் குலத்தைக் காத்த கடல் தெய்வத்தின் பெயரைச் சூட்டியவனும் அவனே.

அதன் பின்னர் மாதவி என்ன செய்தாள்? தாழை மடலில் கடிதம் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பினாள். கோவலன் அதை ஏற்க மறுத்து, அவள் காட்டிய அன்பெல்லாம் ஆடல்மகளின் நடிப்பு என்றான். எமது மேடைப் பேச்சாளர்கள் மாதவியின் குற்றப்பத்திரிகையை இந்த இடத்திலிருந்துதான் எழுதுகிறார்கள். ஆனால் வழக்கு இங்கே முடியவில்லை. மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்ற அந்தணன் மாதவியின் இரண்டாவது ஓலையைக் கொண்டுவந்து கொடுக்கிறான். முதியோரைத் துறந்து, மனைவியுடன் இரவோடிரவாகப் புறப்பட வேண்டிய அளவுக்குத் தான் செய்த பிழை என்ன என்று அவள் அதிற் கேட்டிருந்தாள். வாசித்து முடித்த கோவலன் கூறியது என்ன? அவளிடம் தவறில்லை, தவறு தன்னுடையதே என்றான். அந்த ஓலையையே தன் பெற்றோரிடம் கொடுக்கும்படி கோசிகனைத் திருப்பி அனுப்பினான்.

குற்றஞ்சாட்டியவனே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்! அதன் பின்னரும் இரண்டாயிரம் மைல்களுக்கு அப்பால் மேடை போட்டு மாதவியைக் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

அடுத்த பொய் கண்ணகியைப் பற்றியது. அவள் வாய் திறவாமல் பொறுத்தவள், அதனால்தான் பத்தினி என்கிறார்கள். இது காப்பியத்துக்குச் செய்யும் பெரிய துரோகம். பிரிந்த கணவன் திரும்பிவரக் காமவேள் கோட்டத்தில் வழிபடு என்று தேவந்தி சொன்னபோது, அது தனக்குப் பெருமை தராது என மறுத்தவள் கண்ணகி. மதுரையில், மாதரி வீட்டில், கணவன் கொலைக்களம் போவதற்கு முன்னர் உண்ட கடைசி உணவின் பின்னர் அவள் பேசியதை வாசியுங்கள். அவன் இல்லாத காலத்தில் விருந்தினரைப் பேணும் உரிமையைக்கூடத் தான் இழந்திருந்ததைச் சொல்கிறாள். மாமனும் மாமியும் வந்தபோது பொய்ச் சிரிப்பால் துயரை மறைத்ததையும், அவர்கள் அதைக் கண்டுகொண்டு வருந்தியதையும் சொல்கிறாள். இறுதியாக, சான்றோர் ஏற்காத ஒழுக்கத்தை நீர் புரிந்தீர் என்று அவன் முகத்துக்கு நேரே கூறுகிறாள். குற்றவாளி யார் என்பது கண்ணகிக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் மாதவியின் பெயரை அவள் இழுக்கவேயில்லை.

பெரியோர்களின் பங்கையும் இங்கே கவனிக்க வேண்டும். மாசாத்துவானும் மாநாய்கனும் புகார் நகரத்துப் பெருவணிகர்கள். மருமகளின் முகத்திலிருந்த துயரைக் கண்ட பெற்றோர், மகனை அழைத்து ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று கேட்டதாக இளங்கோ பாடவில்லை. வருந்தினார்கள், திரும்பிச் சென்றார்கள். அந்த மௌனத்துக்குக் கொடுத்த விலை என்ன? கொலைச் செய்தி புகாரை அடைந்தபோது மாசாத்துவான் பௌத்தத் துறவியானான், மாநாய்கன் ஆசீவகரிடம் சென்று துறவு பூண்டான். இருவரின் மனைவியரும் துயரம் தாங்காமல் உயிர் நீத்தனர். மாதவி கூந்தலைக் களைந்து துறவு பூண்டாள், மணிமேகலையையும் அவ்வழியிற் செலுத்தினாள். இரண்டு பெருங்குடிகள் அடியோடு அழிந்தன.

இறுதியாக விதியைத் துணைக்கு அழைப்பார்கள். முற்பிறப்பிற் பரதன் என்ற பெயரோடிருந்த கோவலன் சங்கமன் என்ற வணிகனைக் கொல்வித்தான், அவன் மனைவி நீலியின் சாபமே பலித்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறதுதான். ஆனால் அந்த ஊழ்வினை விளக்குவது கோவலனின் கொலையை. மனைவியை விட்டுப் பிரிந்து வாழ்ந்த ஆண்டுகளை அது விளக்கவில்லை. விதி கோவலனை விடுவிக்குமானால் பொய் சொன்ன பொற்கொல்லனையும் விடுவிக்க வேண்டும். தேவியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் விசாரியாமல் ஆணையிட்ட பாண்டியனையும் விடுவிக்க வேண்டும். அந்தப் பாண்டியன் விதியின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. உண்மை தெரிந்த கணத்திலேயே தானே கள்வன் என்று சொல்லி அரியணையில் உயிர் விட்டான். ஒரு மன்னனுக்கு இருந்த நேர்மை எமது நடுவர்களுக்கு இல்லாமற் போனது ஏன்?

ஈழத்தவருக்கு இது அயலார் கதையன்று. கண்ணகி விழாவுக்கு வந்த மன்னர்களில் இலங்கைக் கயவாகுவும் ஒருவன் என்கிறது வஞ்சிக் காண்டம். மட்டக்களப்பில் வைகாசி தோறும் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வமாக வணங்குகின்றனர். கண்ணகி கோயிலால் பெயர்பெற்ற காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார். அந்நூலின் ஆய்வுக்கு அடித்தளம் சிலம்பின் அரங்கேற்று காதை, அதாவது மாதவியின் அரங்கேற்றம். கண்ணகிக்குக் கோயிலும் மாதவியின் கலைக்கு ஆய்வு நூலும் தந்தது ஒரே மண்! அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் ஒருத்தியைத் தெய்வமாக்க மற்றவளைப் பரத்தையென்று ஏச வேண்டியதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் மாதவி தன் மகளைக் கண்ணகியின் மகள் என்றே சொல்கிறாள். மணிமேகலையும் வஞ்சி நகரில் கண்ணகி படிமத்தின் முன் மகளாகவே நிற்கிறாள். அந்தப் பெண்களுக்கிடையே இல்லாத பகையை மூட்டிவிட்டவர்கள் நாம்.

பழைய இலக்கியம் பற்றி ஏன் இவ்வளவு சூடு என்று சிலர் கேட்கக்கூடும். செய்தி மேசையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையிற் சொல்கிறேன், இந்தத் தீர்ப்பு மேடையோடு நின்றுவிடுவதில்லை. ஓர் ஆண் குடும்பத்தை விட்டுப் போனால் இன்றும் தலைப்பில் ஏறுவது பெண்ணின் பெயர்தான். வீட்டுக்குள்ளே அவன் மனைவிக்குக் கிடைப்பது "கண்ணகியைப் போலப் பொறுத்திரு பிள்ளை" என்ற புத்திமதி. அவனது பெற்றோர் மாசாத்துவானைப் போல வருந்திவிட்டுப் பேசாதிருப்பர். திருமண வீடுகளில் மணமகளைக் கண்ணகி போல் வாழ்க என்று வாழ்த்தும் பெரியவர்கள், மணமகனைப் பார்த்துக் கோவலனைப் போல் வாழாதே என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

அடுத்த முறை இந்த வழக்கை மேடையேற்றுவோரிடம் ஒரேயொரு வேண்டுகோள். சாட்சிக் கூண்டில் கோவலனை ஏற்றுங்கள். புறஞ்சேரியில் அவன் கொடுத்த வாக்குமூலத்தைச் சபையில் வாசித்துக் காட்டுங்கள். அதன் பின்னரும் மாதவியே குற்றவாளி என்று தீர்ப்பெழுத உங்கள் கை எழுமா?